நாலாவது பாலம்

கால்வாய்க் கரையில் ஒரு மணி நேரம் காலாற நடந்துவிட்டு வரலாம் என்று கணக்கு வாத்தியார் சொன்னதை நம்பித்தான் அவர் மனைவி கிளம்பினாள். காரைக் கரையோரம் நிறுத்திவிட்டுப் போகும்போது மூன்று பாலங்களைக் கடந்தார்கள். திரும்பும்போது மூன்றையும் தாண்டிய பிறகும் காரைக் காணோம். எதிரே நாலாவதாக ஒரு பாலம் நின்றது.

"நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க," என்றாள். செருப்பு கடித்துக் குதிகால் எரிந்தது.

"நானா? இருபத்தாறு வருஷமா கணக்கு சொல்லிக் குடுக்கிறேன்டி!" வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இங்கயே உக்காரு. திரும்பப் போய் எண்ணிட்டு வர்றேன்."

"ஏங்க, வெயில் ஏறுது. எத்தனை பாலமா இருந்தா நமக்கென்ன?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்த வழியே விறுவிறுவென்று நடந்தார். அங்கே இருப்பது ஒரே பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் முள்வேலி. வளைவில் அவர் தலை மறைந்ததும், கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதே பாடுதான் என்று முனகியபடி அவள் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து, கார் இருக்கும் பக்கத்திலிருந்து வாத்தியார் வந்தார்.

"இங்க என்ன பண்றே? பின்னாலயே வர்றேன்னு சொன்னியேன்னு எவ்வளவு நேரம்தான் கார்ல காத்துக் கிடக்கிறது?" என்று எரிந்து விழுந்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள், முதுகுக்குப் பின்னால் வளைவுப் பக்கமிருந்து அதே குரல் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டது. "நான் எண்ணினது சரிதான்!"

அவள் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"இப்பக் கிளம்புறியா, இல்லியா?" என்று முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் கேட்டது.