பந்தல் ஓலை

வேலைக்குக் கூப்பிடும் மில் சங்கு ஊதுகிறது. நஞ்சுண்டன் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி மாரியாத்தாளின் சாவுக்குப் போட்ட பந்தலைப் பிரித்து, அந்தத் தென்னை ஓலைகளைத் தன் வீட்டுத் தகரக் கூரைமேல் பரப்பிக்கொண்டிருக்கிறான். "ஏனுங்க மச்சான், எழவு ஓலைய ஊட்டு மேல போடலாமுங்களா?" கீழே ஏணியைப் பிடித்திருக்கும் அவள் தம்பி சென்னியப்பன் கெஞ்சுகிறான். "கோடை பூரா கேட்டாளப்பா, ஓலை போட்டாச் சூடு எறங்குமுன்னு. நாந்தான் நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லிப்போட்டேன்." குரலில் ஏற்ற இறக்கமில்லை. கடைசி ஓலையையும் கட்டி, தண்ணீர் தெளித்துவிட்டு இறங்குகிறான். உள்ளே போய் அண்ணாந்து தகரத்தில் கை வைக்கிறான், முன்போல் சுடவில்லை. காய்ச்சலோடு அவள் காற்றுக்காக வாசற்படியோரம் போட்டுப் படுத்த பாய், யாரும் எடுத்து எறியாமல் அங்கேயே கிடக்கிறது. அதை நடுவீட்டில் கொண்டுவந்து விரிக்கிறான். சுருண்ட ஓரத்தை நீவிவிட்டு, அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறான்.