ஒன்றேகால் மணித்தியாலத்தில் சிலாபம்

“பயமாயிருந்தா கண்ணை மூடிக்கொள்ளுங்கோ சுவாமி. நான் திறந்துதான் வைச்சிருக்கிறன்” என்றான் ஒஸ்வால்ட், காரின் வேகத்தைக் குறைக்காமலே.

நிக்கலஸ் சுவாமியார் எப்போதோ மூடிவிட்டார். ஒரு கை மடியிலிருந்த, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெய்ப் பெட்டியிலும் மறுகை கார்க் கதவிலும் இருந்ததால், செபமாலையை வாயாலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

‘மாமா ஆபத்து. சுவாமியுடன் உடனே வா.’ முந்தின நாள் அந்தியில் அடித்த தந்தி, கொழும்புக் கொட்டாஞ்சேனைக்குக் காலையில்தான் வந்து சேர்ந்தது. சிலாபத்துக்கு உள்ளே தென்னந்தோட்டத்தில் இருக்கும் றேமண்ட் மாமாதான், தாய் தகப்பனில்லாத ஒஸ்வால்டை வளர்த்து ஆளாக்கியவர். தன் பாவங்களை நிக்கலஸ் சுவாமியாரைத் தவிர வேறு எவரிடமும் சொல்லமாட்டேன் என்று இருபது வருடமாகப் பிடிவாதம். பாவசங்கீர்த்தனம் செய்யாமல் அவர் கண்ணை மூடிவிடக்கூடாது.

அதற்காக மட்டுமே ஒஸ்வால்ட் பறந்தான் என்றால் பொய். அவன் துறைமுகத்து வெள்ளைக்காரக் கம்பெனியில் கிளாக்கர். சிலாபத்துக்கு ஒன்றரை மணித்தியாலத்தில் போனதாகக் கந்தோரில் ஒருவன் பீற்றிக்கொண்டு திரிந்தான். அவன் வாயை அடைக்க ஒஸ்வால்டுக்கு மூன்று மாதமாக ஒரு சாட்டுத் தேவைப்பட்டது. சாகக் கிடக்கும் மாமனைவிட நல்ல சாட்டு எங்கே கிடைக்கும்?

பெரிய றோட்டை விட்டுக் கிரவல் பாதையில் இறங்கிய பிறகும் வேகமுள் ஐம்பது மைலிலேயே நின்றது. கோழிகள் தப்பின. ஒரு நாயும் எப்படியோ தப்பியது. வளைவில், புழுதிக்குள் ஒரு மாட்டு வண்டி எதிர்ப்பட்டது. கோட்டும் தொப்பியுமாக அதில் இருந்தவர் வெள்ளைக் குடையொன்றை உயர்த்தி ஆட்டினார்.

“மாட்டு வண்டி ஓட்டுறதுக்கும் கோட்டு வேணுமாம்!” ஒஸ்வால்ட் சிரித்தபடி ஹோர்னை அமத்தினான். மாடு மிரண்டது. வண்டி ஆளோடு பாதையோரக் கானுக்குள் சரிந்தது.

சத்தம் கேட்டுச் சுவாமியார் கண்ணைத் திறந்தார். “நிப்பாட்டு! ஆரோ விழுந்திட்டார்!”

“சாகக் கிடக்கிறவரை விட்டிட்டுக் கானில கிடக்கிறவனைப் பாக்கிறதோ? மாமாவின்ர ஆத்துமம் பெரிசோ, இவன்ர முழங்கால் பெரிசோ, நீங்களே சொல்லுங்கோ சுவாமி.”

சுவாமியார் திரும்பிப் பார்த்தார், புழுதிதான் தெரிந்தது.

தோட்டத்து வீட்டு வாசலில் கார் கிறீச்சிட்டு நின்றது. ஒஸ்வால்ட் முதலில் பார்த்தது கைக்கடிகாரத்தைத்தான். ஒரு மணி பதினாலு நிமிடம்! கந்தோரில் அந்தப் பீற்றல்காரனின் முகம் போகும் போக்கை நினைத்துக்கொண்டே இறங்கினான்.

அகப்பையும் கையுமாகச் செலீன் மாமி வெளியே வந்தார்.

“மாமி, மாமாவுக்கு மூச்சு இருக்கோ?”

“மூச்சோ? விடியவே காய்ச்சல் விட்டுட்டுது. எழும்பிக் கஞ்சியும் குடிச்சவர். ‘சுவாமியாரை வீணா அலைய வைச்சிட்டன், சந்தியில நிண்டு நானே குடை பிடிச்சுக் கூட்டிவாறன்’ எண்டு கலியாணக் கோட்டையும் போட்டுக்கொண்டு வண்டியில வெளிக்கிட்டவர்.”

மாமி காருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“வழியில காணேல்லையோ?”