முடி மாத்திரை

முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தேடிக்கொண்டே, ரத்தம் எடுக்கும் பெண் போகிற போக்கில் கேட்டாள்.

"முடி கொட்டுதுன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

"இல்லையே" என்றாள் இவள். யோசிக்கவே இல்லை.

பக்கத்து நாற்காலியில் கணவன் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் இருக்கும் இடத்தில் வேறு பதில் சொல்ல முடியாது.

"பஸ்ல முதல்ல பார்த்தது இவ பின்னலை. மூஞ்சியைப் பார்த்தது அடுத்த வாரம்தான்." கல்யாணமானதிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும் அவன் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

தைராய்டு குறைபாடு வந்தது. பின்னல் எலிவால் ஆனது. அதற்குப் பிறகு அவன் அந்த ஜோக்கை ஆரம்பித்தாலே அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள்.

குளியலறைச் சல்லடையில் சுருண்டு கிடக்கும் முடியை, அவன் குளிக்கப் போவதற்குள் அள்ளிக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடுவாள். பின்னலுக்குள் கொஞ்சம் சவுரியும் சேர்ந்தது.

தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில், பயோட்டின் டப்பா ஒன்று இருந்தது. முடி வளர்வதற்கான வைட்டமின். கடைசி மாத்திரையோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தாள். டப்பா தீருவதாக இல்லை. கம்பெனிக்காரன் தாராள மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டாள்.

ரத்தம் எடுக்கும் பெண் கலர் கலர் மூடி போட்ட குழாய்களை எடுத்து வைத்தாள். தைராய்டுக்கு ஒன்று, வைட்டமினுக்கு ஒன்று, இரும்பு, துத்தநாகம் வகையறாவுக்கு ஒன்று. இந்த முறை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போன இரண்டு தடவையும் ஹார்மோன் கூடுதல் என்றே வந்தது. டாக்டர் தைராய்டு மாத்திரையைப் பாதியாக்கினார். பிறகு அதிலும் பாதி. இன்றும் அப்படியே வந்தால் அடியோடு நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

ரிப்போர்ட் அப்படிச் சொன்னது. உடம்பு வேறு மாதிரி இருந்தது. வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போகிறாள். வெயிலிலும் குளிர்கிறது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். உள்ளுக்குள் ஏதோ அணைந்துகொண்டு வருவது போல அவளுக்குப் பயமாக இருந்தது.

"சாப்பிடலைன்னா நல்லதும்மா. அந்த பயோட்டின் இருக்கே, ஆளை ஒண்ணும் பண்ணாது, எங்க மெஷினைத்தான் ஏமாத்தும். ஹார்மோன் கம்மியா இருந்தாலும் கூடன்னு காட்டிடும். சாப்பிடறவங்களை ரெண்டு நாள் நிறுத்திட்டு வாங்கன்னு அனுப்பிடுவோம்."

அவள் நேற்று ராத்திரிகூட ஒன்று போட்டிருந்தாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். பின்னல் தோளில் கனத்தது. கணவன் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தான். வாயை மூடிக்கொண்டாள்.

பஞ்சு ஜில்லென்று தோலில் பட்டது. ஊசியின் மூடி கழன்றது.

"எடுக்காதீங்க" என்றான் கணவன். "சாப்பிடறா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அப்போ ஒரு நாள் சட்டையில பட்டன் அறுந்துடுச்சு. நீ தூங்கிட்டிருந்த. எழுப்ப வேண்டாம்னு நானே ஊசி நூல் தேடினேன்."

ரத்தம் எடுக்கும் பெண் பட்டையை அவிழ்த்தாள்.

"தெரிஞ்சுமா சார் இத்தனை நாளா டாக்டர்கிட்ட சொல்லலை?"

அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எனக்குத் தெரியும்னு இவளுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாளேன்னு இருந்துட்டேன். டப்பா தீரப் போறப்பெல்லாம் நான்தான் வாங்கிட்டு வந்து அதுல போட்டு வச்சேன்."