மூன்றாவது தகடு

"அவனுக்குச் சால்வை போத்த என் கை வராதுங்க. வேற ஆளப் பாத்துக்குங்க."

சென்னிமலை இப்படிச் சொன்னதும், மீனாட்சிபுரம் பால் சங்கத்தின் செயலர் கமலாத்தாள் திகைத்தார்.

அன்று சங்கம் எடுத்த பாராட்டு விழா வேறு யாருக்குமன்று. சென்னிமலையின் உடன்பிறந்த தம்பி, பேராசிரியர் ஆனந்தகுமாருக்குத்தான். ஒளியின் தளவிளைவு, அதாவது போலரைசேஷன், பற்றிய ஆய்வுக்காக வாழ்நாள் சாதனையாளர் விருது பெற்று, நெடுங்காலத்திற்குப் பின் ஊருக்கு வந்திருந்தார்.

"ஏனுங்க, தோட்டம் பங்கு பிரிச்சப்ப வந்த சண்டைய இன்னுமா வெச்சுட்டு இருக்கறீங்க? ஊரே சிரிக்குமுங்க."

"சிரிக்கட்டும்."

"பொறாமை பிடிச்ச மனுசன்" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது சென்னிமலையின் காதிலும் விழுந்தது.

மேடையில் ஆனந்தகுமார், கறுப்புக் கண்ணாடி போன்ற இரண்டு தகடுகளை விளக்கின் முன் பிடித்தார்.

"இந்த ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு குறுக்கா வெச்சா, பாருங்க, வெளிச்சமே வராது."

தகடுகள் கன்னங்கரேலென்று இருண்டன.

"நடுவுல இன்னொண்ணு வெச்சா இன்னும் இருட்டாத்தான் ஆகோணும்னு நெனப்போம். இப்ப மூணாவதைச் சாய்வாச் செருகறேன்."

வெளிச்சம் வந்தது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

சால்வையைக் கமலாத்தாளே போர்த்தினார்.

கூட்டம் கலைந்ததும், வாசலில் அண்ணனை மறித்தார் ஆனந்தகுமார்.

"ஊர் முன்னால என்னைய அவமானப்படுத்தீட்டீங்களேண்ணா!"

"சுப்பாத்தா சாவுக்கு வராதவனுக்கு என்னடா சால்வை?"

சுப்பாத்தாள் சென்னிமலையின் மனைவி. சென்ற ஆண்டு மறைந்தவர்.

ஆனந்தகுமார் தலைகுனியவில்லை.

"நம்மளைப் பேசவிடாமப் பண்ணுனதே அண்ணிதானுங்களே? எப்பப் போன் போட்டாலும், 'அவரு தோட்டத்துல இருக்காரு, நானே சொல்லீர்றேன்'னு வெச்சுருவாங்க. அவங்க சாவுக்கு நான் எதுக்கு வரோணும்?"

"அவ என்னடா பண்ணுவா? உன் பேரச் சொல்லிப் போனை நீட்டுனாலே நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

"நீங்களா? பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு நெய் குடுத்துவிட்டது நீங்கதானுங்களே? அந்த நெய்யாலதான் உங்க மேல எனக்குக் கோபமே வந்ததில்லை. அண்ணி போனதும் அதை ஏனுங்க நிறுத்துனீங்க?"

"நெய்யா? நான் எப்படா குடுத்துவிட்டேன்?"

"'உங்கண்ணன் குடுக்கச் சொன்னாரு'ன்னு அண்ணிதான்..."

பேராசிரியரின் பேச்சு பாதியில் நின்றது.

சென்னிமலையின் குரலும் தணிந்தது.

"அப்ப... நீ அனுப்புன வேட்டி? வருசா வருசம் பொங்கலுக்கு அதைத்தான் கட்டுவேன். இந்தப் பொங்கலுக்கு வரலை. அண்ணி போனதோட அண்ணனும் வேண்டாம்னுட்டியாக்கும்னு நெனச்சேன்."

"நான் வேட்டி அனுப்புனதே இல்லீங்கண்ணா."

சென்னிமலை தாம் கட்டியிருந்த வேட்டியைக் குனிந்து பார்த்தார். அதுவும் தம்பி அனுப்பியதென்று சுப்பாத்தாள் கொண்டுவந்து கொடுத்ததுதான்.



ஆனந்தகுமார் தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பெருமையாக அணிந்திருந்த அது, இப்போது சுமையாகக் கனத்தது.

"அண்ணியை எங்கண்ணா அடக்கம் பண்ணியிருக்கறீங்க?"

சென்னிமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தோட்டத்துலதான். உன் பங்குக்கும் என் பங்குக்கும் நடுவுல, வரப்பு மேல. அங்கதான் பொதைக்கோணும்னு கையடிச்சுச் சத்தியம் வாங்கீட்டுத்தாண்டா கண்ணை மூடுனா."