டார்லா விட்டுக்கொடுத்த வீரன்

எங்கள் ஒஹாயோ ரொட்டித் தொழிற்சாலையில் பத்துப் பேர் சேர்ந்து கற்பனை பேஸ்பால் லீக் நடத்துகிறோம். நிஜ வீரர்களை ஆளுக்குச் சிலராகப் பிரித்துக்கொள்வோம். அவர்கள் மைதானத்தில் ஆட ஆட, எங்களுக்குப் புள்ளி ஏறும்.

மூன்று வருடமாகக் கோப்பை, பேக்கிங் பிரிவு டார்லாவிடம். இந்த வருடம் நான் இரண்டாவது இடம். அவளுடைய பலமே ஹாலோவே என்ற பந்துவீச்சாளன்தான்.

“ஹாலோவேயக் குடுங்க டார்லா. பதிலுக்கு யார வேணும்னாலும் எடுத்துக்குங்க.”

“என் உசிரக் கேளு, தர்றேன். அவனத் தரமாட்டேன் கண்ணு.”

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை அவளே வந்தாள்.

“ஹாலோவேய எடுத்துக்க. உன் மெக்கார்ட்டியக் குடு.”

“அப்புறம் அழக் கூடாது!”

“அழமாட்டேன். போன்ல ஆள் மாத்துற பட்டனச் சீக்கிரம் தட்டு.”

தட்டினேன். ரொட்டித் தள்ளுவண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினேன். “கிழவிய ஏமாத்திட்டியேடா!” என்று எல்லோரும் முதுகில் அறைந்தார்கள்.

வியாழக்கிழமை ஹாலோவே நான்கே பந்து வீசினான். தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அத்தோடு அவனுக்கு சீசன் முடிந்தது. மெக்கார்ட்டி வெளுத்து வாங்க, கோப்பை மறுபடியும் டார்லாவுக்கே போனது.

அவள் கோப்பையை வாங்கிய அதே வாரம் கேன்டீன் டிவியில், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஹாலோவேயைக் காட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சூப் ஊட்டிக்கொண்டிருந்த அவன் அம்மாவின் தலையில் எங்கள் தொழிற்சாலைத் தொப்பி.

மறுநாள் டார்லாவை மடக்கினேன். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிக் கண்ணு? தோள் வலிக்குதும்மான்னு ஞாயித்துக்கிழமை போன்ல அழுதான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டான். பெத்த பிள்ளைக்குப் பண்ணின சத்தியத்த மீறலாமா?”