பதினான்கு லாவெண்டர் செடிகள்

எழுபத்திரண்டு வயது லோர்னாவின் பதினான்கு லாவெண்டர் செடிகளையும், பக்கத்து வீட்டு டுவேன் அடிக்கட்டை வரை வெட்டிப் போட்டுவிட்டார். அதுவும் பூத்துக் குலுங்கும் ஜூலை மாதத்தில்!

லாவெண்டரைப் பச்சைத் தண்டு வரைதான் கத்தரிக்கலாம். பழுப்புக் கட்டையில் கை வைத்தால் செடி செத்தது. மறுபடி துளிர்க்கவே துளிர்க்காது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே லோர்னாதான். இருபது வருஷமாக ஒரே வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனிதருக்கு இது தெரியாதா?

"எதுக்கு வெட்டினீங்க?" என்று தெருவே கேட்டது.

"தேனீ தொல்லை" என்றார் டுவேன். அவ்வளவுதான்.

பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டச் சங்கத் தலைவர் பதவியிலிருந்து அவரை நீக்கச் சொல்லி ஒரு மனு எழுதினேன். வீடு வீடாக ஏறி இறங்கி முப்பத்தொரு கையெழுத்து வாங்கினேன்.

"அந்த மனுஷன் வாயில்லாப் பூச்சி, ட்ரூடி. என்ன ஏதுன்னு பொறுமையா கேளேன்" என்றாள் அம்மா.

"வாய்தாம்மா இல்ல, கத்தரிக்கோல் இருக்கே!"

சங்கக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, அவர் வீட்டு வாசலுக்கே போய் மனுவை நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"பேனா இருக்கா? நானும் ஒரு கையெழுத்துப் போட்டுடறேன்."

"கிண்டலா? நேத்துகூட லோர்னா அந்தக் கட்டைங்க பக்கத்துல உக்காந்து அழுதாங்க. ஒரு மன்னிப்பாவது கேட்டீங்களா?"

"கேட்டேன். இன்னிக்குக் காலையிலயும் கேட்டேன்."

"வேலியோரமா முணுமுணுத்தா ஆச்சா? கூட்டத்துல எல்லார் முன்னாடியும் ஏன் வெட்டினீங்கன்னு சொல்லுங்க. தேனீக் கதை வேணாம். எனக்கு உண்மை வேணும்."

டுவேன் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"வெட்டினது லோர்னாவேதாம்மா. காலையில வெட்டினது மத்தியானம் அவங்களுக்கு ஞாபகமில்ல. 'எந்தப் பாவி இப்படிப் பண்ணினான்'னு என்கிட்ட வந்து அழுதாங்க. 'நான்தான்'னுட்டேன். உனக்கு உண்மைதான் பெருசுன்னா, நீ போய் அவங்ககிட்டச் சொல்லிட்டு வா."