அடைப்புக்குறிக்குள்

"அப்படின்னா அஞ்சாவதா என் பையனையும் சேர்த்துக்குங்க சார்."

அச்சுக்குப் போகவிருந்த கலைக்களஞ்சியத்தின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்த பரசுராமன் நிமிர்ந்தார். கேட்ட செண்பகவல்லி வந்ததிலிருந்து உட்காரவே இல்லை. தாளில் நான்கு பேர் ஒருவர் கீழ் ஒருவராக இருந்தார்கள். எழில்நம்பி (கவிஞர்), எழில்நம்பி (நீதிபதி), எழில்நம்பி (மல்யுத்த வீரர்), எழில்நம்பி (வானியலாளர்).

"பையன் என்ன செஞ்சாரும்மா?"

"அந்தக் கவிஞர் பேரைத்தான் வச்சேன். பத்தொன்பது வயசுல காய்ச்சல்ல போயிட்டான். அதுக்குள்ள என்னத்தச் செய்வான்?"

"அடைப்புக்குள்ள ஏதாவது போட்டாத்தான் இவர் எந்த எழில்நம்பின்னு தெரியும்."

"நல்லா விசிலடிப்பான்." சொல்லிவிட்டு அவளே தலையசைத்து மறுத்தாள். "மகன்னு போடலாமா?"

"இந்த நாலு பேரும் யாருக்காவது மகன்தாம்மா."

ஆனாலும் அவர் கடைசியில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் இரண்டு வளைவுகளைப் போட்டார். நடுவில் எழுத எதுவும் வரவில்லை. ஒரு குழந்தையைத் தூக்க நீட்டிய கைகளைப் போல அவை வெறுமனே இருந்தன. செண்பகவல்லி அந்த இடைவெளியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பரசுராமன் ரப்பரைத் தேடி எடுத்தார்.

"அழிக்காதீங்க சார். காலியாவே அச்சடிச்சிடுங்களேன்."